ஸ்விட்சை ஆஃப் பண்ணுற நொடியும் ஜகதீஷ் சந்திர போஸும்

மக்களே, செகண்ட் இயர் சர்க்யூட் தியரில டிரான்சியன்ட்ஸ் யூனிட் ஞாபகம் இருக்கா? நம்மில் பாதிப் பேர் சாய்ஸில் விட்ட யூனிட். டி சமம் ஜீரோ மைனஸ், டி சமம் ஜீரோ பிளஸ் என்று போர்டில் எழுதினதுமே கடைசி பெஞ்ச் தூங்கப் போயிடும். அந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிற, அகலமே இல்லாத ஒரு நொடியை வைத்துக்கொண்டு கல்கத்தாவில் ஒரு வாத்தியார் என்னவெல்லாம் செய்தார் என்பதுதான் இந்த இதழில் நான் சொல்லப் போறது.

அவர் பேர் உங்களுக்குத் தெரியும். ஜகதீஷ் சந்திர போஸ். ஸ்கூல் புக்கில் செடிக்கும் உணர்வு உண்டுன்னு காட்டினவர் என்று ஒரே வரியில் முடிச்சிருப்பாங்க. வாட்ஸ்அப்பில் வேற மாதிரி, ரேடியோவைக் கண்டுபிடிச்சவர் இவர்தான், மார்க்கோனி திருடிட்டான் என்று வரும். ரெண்டுமே முழு ஆளைக் காட்டாது. ஒரு எலக்ட்ரிக்கல் ஸ்டூடண்டா அவரைப் பார்த்தால் வேறொரு மனுஷன் தெரிகிறார்.

1858 நவம்பர் 30ல், இன்றைக்கு பங்களாதேஷில் இருக்கிற மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருக்கிறவங்க பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புறதுதான் அன்றைய கௌரவம். அப்பா கேட்கவில்லை. முதலில் தாய்மொழி தெரியணும், ஊர் ஜனங்களைத் தெரியணும் என்று பையனை வங்காளிப் பள்ளியில் போட்டார். அங்கே அவனுக்கு ஒரு பக்கம் அப்பாவின் பணியாளர் மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவர் மகன். மீன்கள், பறவைகள், தண்ணிக்குள்ள இருக்கிற உயிர்கள் பற்றி அந்தப் பையன் சொன்ன கதைகள்தான் இயற்கை மேல் ஆர்வம் வரக் காரணம் என்று பிற்காலத்தில் போஸே நினைவுகூர்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். சங்கு குளிக்கிற, வலை இழுக்கிற வீட்டுப் பையன் கிளாஸில் இருந்தால் பயாலஜி டீச்சருக்கே தெரியாத நாலு விஷயம் அவனுக்குத் தெரியும்.

எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமைதான். கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி, இண்டக்டருக்கு மின்தூண்டி என்று தமிழில் பெயர் உண்டு என்பதே காலேஜ் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தேக்கி என்ற அந்த ஒரு சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் போற ஏதாவது ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்க. மடையைத் திறந்த அதே கணத்தில் குளத்து மட்டம் டக்குன்னு இறங்கிவிடாது, மெதுவாத்தான் இறங்கும். கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜும் அப்படித்தான், தாவாது. இண்டக்டருக்கு வேற உதாரணம். நீளமான பைப்பில் தண்ணீர் வேகமா ஓடுறப்போ வால்வைப் பட்டுன்னு மூடினால் டம்முன்னு ஒரு அடி அடிக்கும், கேட்டிருப்பீங்க. ஓடுற தண்ணீர் நிற்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற சத்தம் அது. இண்டக்டரில் ஓடுற கரண்டும் அதே அடம்தான். திடீர்னு நிறுத்தினால் எவ்வளவு வோல்ட்டேஜ் வேணுமோ அவ்வளவையும் உண்டாக்கி எப்படியாவது ஓடப் பார்க்கும். எல் டிஐ பை டிடி என்று எழுதுறோமே, அது இதுதான். இந்த அடம்தான் போஸின் முக்கியமான கருவி. அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வருவோம்.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் ஃபாதர் லாஃபோன் என்ற பாதிரியார் இயற்பியலை சோதனை செய்து காட்டி நடத்துவார். போஸுக்கு அந்தப் பாடம் பிடித்துப் போனது அங்கேதான். 1880ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடவில்லை, மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் போய் இயற்கை அறிவியல் எடுத்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் லார்ட் ரேலி. 1884ல் டிகிரி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

1885ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அன்றைய வழக்கப்படி ஐரோப்பியருக்கு என்ன சம்பளமோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது பக்கத்து ரூமில் அதே பாடம் நடத்துகிற வெள்ளைக்காரருக்கு மூணு ரூபாய் என்றால் இவருக்கு ஒரு ரூபாய். போஸ் மனு எழுதவில்லை, வேலையை விடவும் இல்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாதம் இல்லை, மூன்று வருஷம். தினமும் கிளாஸ் எடுத்தார், சோதனை செய்து காட்டினார், ஒரு பைசா வாங்கவில்லை. வீட்டில் ஒண்ணும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. ஊருக்கு நல்லது செய்யப்போய் தொழிலில் நஷ்டப்பட்ட அப்பாவின் கடன் வேற தலைமேல். கடைசியில் அரசு இறங்கி வந்து வேலையை நிரந்தரமாக்கி, மூன்று வருஷத்து முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் கடனுக்குப் போனது.

அந்த சம்பளமில்லாத காலத்தில்தான், 1887ல், கல்யாணம். மனைவி அபலா தாஸ். இவங்க கதையில் நம்ம ஊர் வருது. பெண் என்பதால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், 1882ல் வங்காள அரசின் உதவித்தொகையோடு மெட்ராஸுக்கு வந்து மருத்துவம் படித்தவங்க அபலா. உடம்பு சரியில்லாமல் போனதால் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சம்பளம் வாங்காமல் வேலைக்குப் போகிற ஆளைக் கட்டிக்கொண்டு வீட்டை ஓட்டினதும் அவங்கதான்.

சரி, இப்போ சர்க்யூட்டுக்கு வருவோம். 1853ல், போஸ் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால், வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின், ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். சார்ஜ் ஆன கெப்பாசிட்டரை ஒரு இண்டக்டர் வழியா டிஸ்சார்ஜ் செய்தால், ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருக்கிற வரைக்கும், கரண்ட் ஒரே பக்கமா ஓடி முடியாது. முன்னும் பின்னும் ஊசலாடி ஊசலாடித்தான் அடங்கும். நாம அண்டர்டேம்ப்டு ரெஸ்பான்ஸ்னு கிராஃப் போடுவோமே, அதேதான். 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் அந்த ஊசலாட்டத்திலிருந்து மின்காந்த அலை கிளம்புவதைக் காட்டினார். 1894ல் ஹெர்ட்ஸ் சின்ன வயசிலேயே இறந்துபோக, அவர் வேலையைப் பற்றி லண்டனில் ஆலிவர் லாட்ஜ் பேசினார். அந்தப் பேச்சு அச்சாகி போஸ் கைக்கு வந்தது. அதே வருஷம், முப்பத்தாறாவது பிறந்தநாள் வந்தபோது, இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார். ப்ளேஸ்மென்ட் வரலையேன்னு இருபத்தோரு வயசில் வாழ்க்கை முடிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கிறவங்க இந்த முப்பத்தாறைக் கொஞ்சம் கவனிங்க.

ஆராய்ச்சிக்கூடம் என்று எதுவும் கிடையாது. குளியலறையை ஒட்டின ஒரு சின்ன அறை. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர், அவருக்கு இயற்பியல் பயிற்சி எதுவும் இல்லை. அதில் ஒரு கஷ்டமான வேலையைக் கையில் எடுத்தார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை, அரை மீட்டருக்கும் மேல். அந்த நீளத்தில் ஒளி மாதிரி எதிரொளிப்பு, விலகல் எல்லாம் காட்ட ரொம்பப் பெரிய கண்ணாடியும் பட்டகமும் வேணும், அறையில் அடங்காது. போஸ் ஐந்து மில்லிமீட்டர் வரை அலையைச் சுருக்கினார். கணக்கு போட்டுப் பாருங்க, அறுபது கிகாஹெர்ட்ஸ் வருது. நொடிக்கு 6,000 கோடி ஊசல். வருஷம் 1895, 96. பெரும்பாலான வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம்.

எப்படி? இங்கேதான் நம்ம டிரான்சியன்ட்ஸ் யூனிட். அவரிடம் இருந்தது ஒரு இண்டக்‌ஷன் காயில். அதில் உள்பக்கம் தடித்த கம்பியில் சில சுற்று, வெளியே மெல்லிசுக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. உள்சுற்றுக்கு பேட்டரி கொடுத்தால் கரண்ட் மெதுவாக, எல் பை ஆர் டைம் கான்ஸ்டன்ட்படி ஏறும். ஏறும்போது பெரிசா ஒண்ணும் நடக்காது. கான்டாக்டைப் பிரிக்கிற நொடியில்தான் விஷயம். ஒரு உதாரணத்துக்கு, பத்து மில்லி ஹென்றி காயிலில் ஐந்து ஆம்பியர் ஓடுது, அதை மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்துறோம்னு வைங்க. ஐந்நூறு வோல்ட் எழும்பும். பேட்டரி என்னவோ சில வோல்ட்தான். வெளிச்சுற்று நூறு மடங்கு என்றால் ஐம்பதாயிரம் வோல்ட். பழைய சோக், ஸ்டார்ட்டர் வைத்த டியூப்லைட் எரிவதும் இதே வித்தைதான். ஸ்டார்ட்டர் பிரியும்போது சோக் அடிக்கிற உதையில்தான் லைட் பற்றுது.

இதில் கெப்பாசிட்டருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, காயிலை உடைக்கிற கான்டாக்டுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர். 1853லேயே ஃபிசோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. கான்டாக்ட் பிரிந்ததும் அடம் பிடிக்கிற கரண்ட் காற்றில் தாவாமல் கண்டென்சருக்குள் போகும். கண்டென்சர் வோல்ட்டேஜ் டக்குன்னு ஏற முடியாது. ஏறி முடிக்கிறதுக்குள்ள கான்டாக்ட் நல்லா விலகிடும், பொறி அடிக்காது. பழைய பாயிண்ட் செட் புல்லட்டை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் பாயிண்ட் கருகுதா, கண்டென்சரை மாத்துன்னு சொல்வாரே, சத்தியமா அதேதான்.

ரெண்டாவது கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியாதது. காயிலின் வெளிமுனைகளில் போஸ் வைத்த குட்டி உலோக உருண்டைகள். ரெண்டு பக்கமும் அரைக்கோளம், நடுவில் பிளாட்டினம் உருண்டை. உருண்டைகள் சார்ஜ் ஆகிக்கொண்டே போய், இடையில் இருக்கிற காற்று தாங்காமல் உடையும்போது பொறி பறக்கும். அந்தப் பொறிதான் ஸ்விட்ச். எந்த மெக்கானிக்கல் ஸ்விட்சும் அவ்வளவு வேகமா மூடாது. மூடின கணத்தில் உருண்டையில் தேங்கின சார்ஜ் முன்னும் பின்னும் ஊசலாடி, சில ஊசலிலேயே அலையாக வெளியே போய் அடங்கிடும். எல், சி ரெண்டும் சின்னதானால் ஊசல் வேகமாகும். அதனால்தான் உருண்டையைச் சின்னதாக்கிக்கொண்டே போனார். சாதாரணக் காயிலில் கான்டாக்ட் தானாகவே கடகடன்னு திறந்து மூடும், பொறி வந்துகொண்டே இருக்கும். போஸ் அதைக் கழற்றிவிட்டு ஒரு கீயை வைத்தார். ஒரு தட்டு, ஒரு பொறி. ஓயாமல் பொறி பறந்தால் உருண்டையின் பரப்பு சொரசொரப்பாகி ஊசல் சரியா வராது என்பதைக் கவனித்துவிட்டார். சத்தம் குறைந்தது, அளவீடு சுத்தமானது. கசிவு அலைகள் ரிசீவரைக் குழப்பாமல் இருக்க காயிலையும் பேட்டரியையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். எனக்குக் கேட்டால் அவர் செய்ததிலேயே அழகான விஷயம் இந்த ஒற்றைப் பொறிதான்.

அளப்பது இன்னொரு கதை. ஆசிலோஸ்கோப்பின் தாத்தாவான பிரவுன் குழாயே 1897ல்தான் வந்தது, அதுவும் இந்த வேகத்துக்கு எட்டவே எட்டாது. அதனால் ஒளிக்குச் செய்வது மாதிரி கிரேட்டிங் வைத்து அலைநீளம் கண்டார். அலையைத் திருப்புகிற பொருள் வேணும் என்றபோது வங்காளத்தில் எங்கும் கிடைக்கிற சணலை முறுக்கி வைத்தார். போலரைசர் வேணுமா, ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் வெள்ளீயத் தாளைச் சொருகினார். புனல் மாதிரி ஒரு வாயை ரிசீவருக்கு வைத்தார், இன்றைக்கு நாம் ஹார்ன் ஆன்டெனா என்று மைக்ரோவேவ் லேபில் பார்ப்பது. மேற்கு நாட்டு ஆட்கள் இரும்புத்தூள் அடைத்த குழாயை ரிசீவராக வைத்திருந்தார்கள், ஒவ்வொரு சிக்னலுக்குப் பிறகும் அதைத் தட்டிவிடணும். கல்கத்தாவின் ஈரக் காற்றில் துரு வேற தொல்லை. நம்ம கடற்கரைக் காற்றில் ஒரு பிசிபியை ஒரு மழைக்காலம் வெளியே வைத்துப் பார்த்தவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டாம். தூளுக்குப் பதில் சின்னச் சின்ன ஸ்ப்ரிங்குகளை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகில் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தார்.

1895ல் கல்கத்தா டவுன் ஹாலில் லெப்டினென்ட் கவர்னர் முன்னிலையில் செய்து காட்டினார். ஒரு பக்கம் பொறி, சுவர்களைத் தாண்டி இன்னொரு அறையில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. அடுத்த வருஷம் லண்டன் பல்கலைக்கழகம் டிஎஸ்சி கொடுத்தது. 1897 ஜனவரி 29ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் பேச்சு, கருவி எல்லாம் கையோடு கொண்டுபோன பெட்டிக்குள்.

இதற்கு நடுவில் ஆள் கதை வேற எழுதியிருக்கார். 1896ல் ஒரு தலைமுடி எண்ணெய்க் கம்பெனி நடத்திய கதைப்போட்டி. கல்கத்தாவை நோக்கி வந்த புயல் திடீர்னு காணாமல் போயிடுது, காரணம் புரியாமல் விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இலங்கைக்குக் கப்பலில் போன ஒருத்தர் கையில் இருந்த தலைமுடி எண்ணெய் பாட்டிலைக் கடலில் ஊற்றியதால் அலை அடங்கியதுதான் காரணம். பரிசும் கிடைத்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நம்ம மாவட்டத்துக்கு அப்படியொரு பாட்டில் இருந்திருக்கலாம்.

1899 ஏப்ரலில் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். சின்னக் கிண்ணத்தில் பாதரசம், மேலே எண்ணெயின் மெல்லிய படலம், அதைத் தொட்டுக்கொண்டு ஒரு இரும்புத் தகடு. அலை வந்தால் கடத்தும், போனால் தானே பழைய நிலைக்குத் திரும்பும், தட்டவே வேண்டாம். கூடவே ஒரு டெலிபோன் ரிசீவர். அதே 1899ல்தான் நம்ம ஆதிச்சநல்லூர் பரம்பில் அலெக்சாண்டர் ரீ தோண்ட ஆரம்பித்தார். திருச்செந்தூர் பஸ்ஸில் போறப்போ பார்க்கிறீங்களே, அதே மேடு. அங்கே கிடைத்த இரும்பும் வெண்கலமும் பொன் பட்டங்களும் மெட்ராஸ் மியூசியத்துக்குப் போயின. அதற்கு முன்னாலேயே 1876ல் ஜாகோர் எடுத்தது பெர்லினுக்குப் போய்விட்டது. பொருள் எங்கே வைக்கப்படுதோ அங்கேதான் அதன் பேரும் கதையும் எழுதப்படும் என்பதை நம்ம ஊர்க்காரங்க நல்லாவே பார்த்திருக்கோம்.

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்து சிக்னல் ஹில்லில் உட்கார்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அவர் காதில் இருந்தது டெலிபோனோடு இணைத்த பாதரச டிடெக்டர். இத்தாலியக் கடற்படையிலிருந்து சொலாரி என்ற நண்பர் கொடுத்தது என்றார்கள். அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று 1998ல் ஐஇஇஇ இதழ் ஒன்றில் விரிவாக வாதிட்டு ஒரு ஆய்வு வந்தது. அந்த நேரத்தில் போஸின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்போ ரேடியோவைக் கண்டுபிடிச்சது போஸா? நான் ஆமான்னு சொல்ல மாட்டேன். போஸின் மில்லிமீட்டர் அலை கடலைத் தாண்டாது. அதற்கு மார்க்கோனி கட்டினது மாதிரி பெரிய கெப்பாசிட்டர், பெரிய காயில், உயரமான ஆன்டெனா, நீண்ட அலை வேணும். செய்தி அனுப்புவது போஸின் குறிக்கோளாகவே இருந்ததில்லை, அலையின் குணத்தைத் தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. ஆனால் டிடெக்டர் விஷயத்தில் அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை, அதை மழுப்பத் தேவையில்லை. ரெண்டையும் சேர்த்துச் சொல்றது ஃபார்வர்டு மெசேஜுக்கு வசதியா இருக்காது, அவ்வளவுதான்.

காப்புரிமை என்றாலே அவருக்கு ஆகாது. அறிவியலை விற்கக் கூடாது என்ற பிடிவாதம். நிவேதிதாவும் சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் விடாமல் வற்புறுத்தித்தான் கலீனா படிகத்தை வைத்துச் செய்த டிடெக்டருக்கு 1901ல் விண்ணப்பம் போனது. 1904ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 755,840. குறைக்கடத்தி டிடெக்டருக்கான மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று. அதை வைத்து அவர் காசு பண்ணவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார். இதில் மட்டும் எனக்கு அவரோடு சண்டை உண்டு. காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாருக்கும் இலவசமா கொடுத்திருக்கலாமே. பேராவது நின்றிருக்கும்.

அதற்குள் அவர் மனசு வேற பக்கம் திரும்பிவிட்டது. அந்த டிடெக்டர்கள் ரொம்ப நேரம் வேலை செய்தால் சோர்ந்து போகின்றன, ஓய்வு கொடுத்தால் தேறுகின்றன என்று கவனித்தார். தூண்டுதல் கொடுத்தால் ஏறி, நிறுத்தினால் மெதுவாக இறங்குகிற வளைகோடு. நாம வரைகிற ஆர்சி சார்ஜிங், டிஸ்சார்ஜிங் கோட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். தசையிலும் அதே மாதிரி கோடு, செடியிலும் அதே மாதிரி கோடு. ஸ்விட்சைத் தட்டினால் பொருள் என்ன பதில் சொல்லும் என்ற அதே கேள்வியைத் தொட்டாச்சிணுங்கியிடமும் தொழுகண்ணியிடமும் கேட்கப் போனார். 1901ல் ராயல் சொசைட்டியில் உடலியல் வல்லுநர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், கட்டுரை அச்சாகாமல் நிறுத்தப்பட்டது. 1902ல் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் பிறகு வந்தது. உலோகத்துக்கும் உயிருக்கும் அவர் போட்ட ஒப்பீடு சில இடங்களில் ரொம்பவே தூரம் போய்விட்டது என்பது என் எண்ணம். செடிக்குள் மின்சார சைகை ஓடுது என்ற அடிப்படை மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. 1920ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1917ல், தன் ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளில், சேர்த்து வைத்த பணத்தையும் நன்கொடைகளையும் போட்டு கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தார். 1937 நவம்பர் 23ல் கிரிதியில் இறந்தார், எழுபத்தொன்பது முடிய ஒரு வாரம் இருந்தது. அறுபது கிகாஹெர்ட்ஸில் இன்றைக்கு வைஃபை ஓடுது. அமெரிக்காவில் 12 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப் ஒன்றின் ரிசீவரில் அவருடைய 1897 கட்டுரை யோசனைகளைப் பயன்படுத்தினார்கள். 2012ல் ஐஇஇஇ அவர் பேரில் மைல்ஸ்டோன் பலகை வைத்தது, சம்பளம் வாங்காமல் மூன்று வருஷம் பாடம் நடத்தின அதே பிரசிடென்சியில்.

மெட்ராஸில் மருத்துவத்தைப் பாதியில் விட்ட அபலா, 1919ல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி வங்காளக் கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தாங்க. கணவர் போன பிறகும் 1951 வரைக்கும் இருந்தாங்க.